கடைசித் தாளுக்கு ஒரே ஒரு மேசை

பரீட்சை மண்டபம் என்றதும் மற்றவர்களுக்கு வரிசை வரிசையாகத் தலைகள் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு மேசை. அதில் உட்கார்ந்திருந்தது நான்.

படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். என்ற அரசுத் தேர்வு எழுதினோமே, அதில் எங்களுக்குத் தமிழ் இலக்கியம்தான் கடைசித் தாள். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் உயிரியலை முடித்த கையோடு வெள்ளைச் சட்டையில் ஒருத்திக்கொருத்தி கையெழுத்துப் போட்டு, கட்டிப்பிடித்து அழுது, கொம்தாருக்குப் படம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். "நீ வரலியா?" என்று கேட்டாள் பக்கத்து மேசைக்காரி. எனக்கு இன்னும் ஒரு தாள் இருக்கிறது என்றேன். "இன்னுமா? முடிஞ்சிருச்சுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லாருக்கும் முடிந்துவிட்டது, எனக்குத்தான் முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கான்வென்ட். நான் தமிழ்ப்பள்ளியிலிருந்து அங்கே போனவள். அப்பாவுக்கு மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்பே எழுந்து, டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து மோட்டாரில் ஜெட்டிக்குப் போய், ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவார். நான் கணக்கில் கெட்டிக்காரி. படிவம் நான்குக்குப் போனதும் மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். நல்ல மார்க் வாங்கியவர்கள் அறிவியல் பிரிவு, மற்றவர்கள் கலைப் பிரிவு. உனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தமிழ் என்று சொல்லியிருப்பேன். நல்ல வேளை, கேட்கவில்லை. வகுப்பே சிரித்திருக்கும்.

ஆனால் நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. அறிவியல் பாடங்களோடு தமிழ் மொழியையும் எடுத்தேன், அதற்கு மேல் தமிழ் இலக்கியத்தையும் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. சனிக்கிழமை காலையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இலவச வகுப்பு நடக்கும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முட்டி மேசையில் இடிக்க இடிக்க உட்கார்ந்து படிப்போம். பல பள்ளிகளிலிருந்து வருவார்கள். என் பள்ளியிலிருந்து நான் மட்டும்தான்.

ஆலோசனை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த இலக்கியத்தில் ஒரு ஏ போனால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும், உபகாரச் சம்பளம் கிடைக்காது, பெயரை எடுத்துவிடு என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதே பாட்டு.

"அந்த டீச்சரம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குலா. தமிழத்தான் வீட்டுலயே பேசுறோமே, அதப் போயி எதுக்குப் பரீட்சையா எழுதணும்?"

"எனக்குப் புடிச்சிருக்கு, எழுதுறேன்."

"ஆமா, புடிச்சிருக்கு! அது சோறு போடுமா?"

அப்பாதான் குறுக்கே வந்தார். "எழுதிட்டுப் போவட்டும் விடு" என்றார். அவ்வளவுதான். ஃபெரியில் போய் வந்த களைப்பில் அதற்கு மேல் பேச அவருக்குத் தெம்பில்லை.

பரீட்சை அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெரிய கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது! காவல்காரரையும் காணோம். எஸ்.பி.எம். முடிந்துவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்று பூட்டிக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டேன், கத்தினேன், குடைக் கம்பால் கேட்டை அடித்தேன். ரோட்டில் போகிறவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். மதிலை ஒட்டியே ஓடிப் பின்பக்கம் போனேன். அங்கே கண்டீனுக்கு ஐஸ்கட்டி கொண்டுவரும் சின்னக் கேட் ஒன்று உண்டு. உள்ளே கண்டீன் சீன ஆண்ட்டி சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "எக்ஸாம் ஃபினிஷ் ஆலரெடி லா, நீ எதுக்கு வந்தே?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து திட்டிக்கொண்டே திறந்துவிட்டார். அவர் மட்டும் அன்றைக்குச் சாமான் கழுவ வராமல் போயிருந்தால் நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

மண்டபத்துக்குள் ஓடினேன். டேவான் என்போம் அதை. நூறு மேசைக்கு மேல் கிடந்த இடத்தில் எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்கிவிட்டு, நட்டநடுவில் எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி. கண்காணிப்பாளர் இரண்டு பேர். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். முன்னால் இருந்தவர் விதிமுறையை எடுத்து உரக்க வாசித்தார். "தேர்வு எழுதும் அனைவரும் கவனிக்கவும். தேர்வு எழுதும் அனைவரும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது." நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஐயோ, யாரோடு பேசுவதாம்!

அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன எழுதினேன் என்று இப்போது ஒரு வரி ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது காற்றாடிச் சத்தமும், பின்னால் நடந்த சப்பாத்துச் சத்தமும்தான். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. கேள்விகள் எல்லாம் தெரிந்த கேள்விகள்தான். ஆனால் பென்சிலைக் கீழே போட்டால்கூட அதைக் காதில் கேட்க இன்னொரு பிள்ளை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது ஆலோசனை ஆசிரியை சொன்னதுதான் நடந்தது. மற்றதெல்லாம் நன்றாக வந்தது, இலக்கியத்தில் ஏ வரவில்லை. உபகாரச் சம்பளமும் வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன், அங்கேயும் கணக்கு. பிறகு வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் வாங்கினேன், அதுவும் கணக்கு. தமிழ் படிக்க ஆசைப்பட்டவள் இத்தனை வருஷமாக வெண்பலகையில் எக்ஸும் ஒய்யும் எழுதிக்கொண்டிருக்கிறேன். குறை சொல்லவில்லை. கணக்குதான் எனக்குச் சோறு போட்டது, அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தது, இந்த வீட்டை வாங்கிக் கொடுத்தது.

ஆனால் என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது கணக்கு இல்லை, அந்த மண்டபம்தான் என்று நான் நினைக்கிறேன். முதல் வேலைக்கு நேர்முகம் பார்த்தபோது, கடல் தாண்டிச் சரவாக் உட்பகுதிக்குப் போவீர்களா, ஆற்றுவழியாகப் போகவேண்டும், தனியாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். என்னோடு வந்த பிள்ளைகள் எல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம் பேசியிருக்கிறது என்று ஏதேதோ சொல்லித் தப்பித்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தனியாகத்தானே, அதெல்லாம் எழுதிப் பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, போகிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு!

போனேன். அந்த ஊரில் நல்ல மனிதர்கள். மீன் கொடுப்பார்கள், பழம் கொடுப்பார்கள், திருவிழா என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். தமிழ் பேசத்தான் ஒரு ஆள் கிடையாது. சாயங்காலம் அரிசி களையும்போது நானே சத்தமாகப் பேசிக்கொள்வேன். "என்னடி, இன்னிக்கு உப்பு போட்டியா?" "போட்டேன்லா." இப்படி. பக்கத்து வீட்டு அம்மா, டீச்சர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காமல் போய்விடுவார். ஒரு வருஷத்துக்கு என்று போனவள், மாற்றல் கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். பினாங்குக்குத் திரும்பியபோது எனக்குப் பேசி வைத்த மாப்பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா படுக்கையில். அம்மாவும் போன பிறகு இந்த டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும்.

தம்பி அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போவேன். அவன் பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபோனோடு வந்து "ஹாய் அத்தை" என்றுவிட்டுப் போகும். தம்பி மனைவி, "இங்கேயே வந்து இருந்துருங்களேன் அக்கா" என்பாள். நல்லவள்தான், மனசார சொல்கிறாளா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் போட்டுவிட்டுப் போன கோப்பிக் கோப்பை போட்ட இடத்திலேயே இருக்கும். தனியாக இருக்கிறேன். அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. பழகிவிட்டதா என்று கேட்பவர்களைக் கண்டால்தான் எரிச்சலாக வருகிறது.

இப்போது ஓய்வு பெற அதிக நாள் இல்லை. வருஷா வருஷம் எஸ்.பி.எம். வந்தால் வேறு பள்ளிக்கூடங்களுக்குக் கண்காணிப்பாளராக அனுப்புவார்கள். அதிலும் கடைசி நாள்வரை இழுக்கிற மண்டபம் என்றால் என் தலையில்தான். அலுவலகத்தில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை கூசாமல் சொல்வார், "ஒங்களுக்குத்தான் புள்ள குட்டி இல்லியே டீச்சர், பள்ளி லீவுல என்னா பண்ணப்போறீங்க?" ஏன், நான் லீவில் மூச்சு விடக்கூடாதா? வாய்வரை வரும். பிறகு சரி என்பேன். உண்மையில் எனக்கும் லீவில் ஒன்றும் இல்லை.

இந்த முறை தலைமைக் கண்காணிப்பாளர் நான். எனக்குத் துணையாக ஓர் இளம் மலாய் ஆசிரியை. என்னைக் "காக்" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார். அன்றைக்குக் கடைசித் தாள், தமிழ் இலக்கியம். எழுதுகிறவர் ஒரே ஒரு பிள்ளை. காலையிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. உறை போட்டு ஒட்டிய கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு போனோம். அலுவலகப் பணியாளர் கண்டீன் பக்கத்துக் கேட்டைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் மற்ற மேசைகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டிருந்தார்கள். நடுவில் ஒன்று.

தாள் தொடங்கவேண்டிய இரண்டு மணி ஆயிற்று, பிள்ளை வரவில்லை. அரை மணிக்கு மேல் தாமதமானால் உள்ளே விடக்கூடாது, உறையைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதுதான் விதி. மலாய் ஆசிரியை மணியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "இவள் வரமாட்டாள் காக். ஒரு பாடத்துக்காக யார் இந்த மழையில் வருவார்? மற்றவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்களே" என்றார் மலாயில்.

மற்றவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்களே. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நாங்கள் வந்தது கண்டீன் வழியாக. பெரிய கேட்?

"பெரிய கேட் திறந்திருக்கா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நானே ஓடியிருப்பேன், ஆனால் ஒட்டிய உறை என் பொறுப்பில் இருக்கும்போது அதைவிட்டு நகரக்கூடாது. "ஓடிப்போய்ப் பாருங்கள், பூட்டியிருந்தால் கண்டீன் பக்கம் கூட்டிவாருங்கள், சீக்கிரம்" என்று ஏறக்குறைய கத்தினேன். பாவம், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினார்.

நான் மண்டப வாசலில் நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மாதாவே, இந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கக் கூடாது, கேட்டிலேயே நின்றிருக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டினேன். அவள் யார், எப்படி இருப்பாள், ஒன்றும் தெரியாது. தெரிந்தவளுக்குக் காத்திருப்பது மாதிரிதான் மழைக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன்.

இரண்டு பேரும் ஒரே குடையில் ஓடி வந்தார்கள். அரை மணி ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. கேட்டில் சங்கிலி, காவல்காரர் இல்லை, பிள்ளை கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றதாம். பினஃபோர் சீருடை தொப்பலாக நனைந்து, வெள்ளைச் சப்பாத்து சேறாகி, உதடு நடுங்க வந்து நின்றாள். ஒல்லியான பெண். நெற்றித் திருநீறு மழையில் கரைந்துபோயிருந்தது.

"வாம்மா, பயப்படாதே" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். தமிழ்த் தாள் நடக்கிற இடத்தில் தமிழ் தெரிந்த கண்காணிப்பாளர் பிள்ளையிடம் தமிழில் பேசினால், என்ன சொன்னேன் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு புகார் வந்தால் பாதிக்கப்படுவது பிள்ளையின் தாள். அதனால் மலாயில், "உட்கார்" என்றேன். துடைத்துக்கொள்ளக் காகிதத் துண்டு கொடுத்தேன். உறையை அவள் கண்ணெதிரே பிரித்தேன். விதிமுறையையும் மலாயிலேயே எடுத்து வாசித்தேன். "தேர்வு எழுதும் அனைவரும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். தாமதமான நேரத்தைச் சேர்த்துக் கொடுக்க விதி இல்லை, அதனால் வேகமாக எழுதினாள். நடுவில் ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பின்னால் பார்த்து, மேலே காற்றாடியைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். சிரிக்கலாமா என்று நினைப்பதற்குள் என் முகம் தானாகக் கண்காணிப்பாளர் முகமாகிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினாள்.

நேரம் முடிந்தது. விடைத்தாளை வாங்கி, சரிபார்த்து, உறையில் போட்டு ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். மலாய் ஆசிரியை, உறையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பிள்ளையைக் கண்டீன் கேட் வரை கொண்டுபோய் விட்டு வரும்படியும் சொன்னார். மழை தூறலாகிவிட்டிருந்தது. நானும் அவளும் கண்டீனை நோக்கி நடந்தோம். விடைத்தாள் உறையை ஒட்டியாயிற்று. இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"அப்பா வருவாராம்மா?" என்று கேட்டேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "டீச்சர்! நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

"ஐயோ டீச்சர்! நெத்தியில பொட்டு இல்ல, பேட்ஜுல இருக்கற பேரும் கிறிஸ்தவப் பேரு. நீங்க மலையாளமோ என்னமோ, தமிழ் தெரியாதுன்னு நெனச்சிட்டேன்."

விதி அப்படி, பேசக்கூடாது என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தமிழ் இலக்கியம் எடுத்ததற்கு வீட்டில் தினமும் சண்டையாம், ஒரு ஏ போய்விடும் என்று. அவள் விடவில்லையாம். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு மோட்டார் வந்து நின்றது. மழைச்சட்டை போட்ட அவள் அப்பா கையை ஆட்டினார். போகிறவள் திரும்பி, கோபமாகவும் இல்லாமல் அழுகையாகவும் இல்லாமல் சொன்னாள்:

"ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல டீச்சர். உள்ள இவ்ளோ நேரம் நான் தனியா இருந்திருக்க மாட்டேன்."

"நானுந்தாம்மா" என்றேன்.